நடுவில் ஒரு கமா

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள் சண்முகக்கனி. அயர்லாந்து வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் மட்டும் தோற்றுப்போனாள். மறுபடி எழுதத் துணிந்து பியூலா டீச்சரிடம் வந்து சேர்ந்தாள். டீச்சர் அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் வகுப்பில் சண்முகக்கனி ஒருநாளும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்றார் டீச்சர். எழுதிக் கொடுத்தாள். படித்துக்கொண்டே வந்த டீச்சரின் பேனா ஒரு வரியில் நின்றது.

"மை ஹஸ்பண்ட் இஸ் ஆங்ரி, ஐ ஆம் கோயிங் டு அயர்லாந்து."

கணவர் கோபமாக இருக்கிறார், நான் அயர்லாந்து போகிறேன். டீச்சர் நடுவில் இருந்த கமாவைச் சுற்றி வட்டம் போட்டார். இரண்டும் தனியாக நிற்கக்கூடிய முழு வாக்கியங்கள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கமாவுக்குத் தெம்பு கிடையாது என்றார்.

எது தனியாக நிற்கும், எது நிற்காது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று சண்முகக்கனி கேட்டாள். போன தேர்வில் அவளைக் கவிழ்த்தது அதுதான்.

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் கோபமா இருக்கிறதனால..." என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்க் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

சண்முகக்கனி காத்திருந்தாள். பலகை முழுக்கத் துடைத்து முடித்தும் டீச்சர் திரும்பவில்லை.

"இருக்கிறதனால? என்ன டீச்சர்?"

"இப்படிக் கேக்க வைக்கிறது தனியா நிக்காது அக்கா."

உடனே முதல் பாதிக்கு முன்னால் 'பிகாஸ்' போட்டு எழுதிக் காட்டினாள். அவர் கோபமாக இருப்பதால் நான் போகிறேன். இப்போது அந்தக் கமா சரி என்றார் டீச்சர். ஆனால் நடந்தது அதுதானா என்று கேட்டார்.

அது இல்லை. மகளை மேலே படிக்க வைக்கத்தான் அவள் போகிறாள். 'பிகாஸ்' என்பதை அடித்துவிட்டு 'ஆல்தோ' போட்டாள். அவர் கோபமாக இருந்தாலும் நான் போகிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தவள் அதையும் அடித்தாள்.

"இப்படி எழுதினா அவுக கோவம் ஒரு ஓரமாப் போயிருது டீச்சர். அது அவ்வளவு சின்னக் கோவம் இல்ல. என் கையால சோறு வாங்கிச் சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு."

"எதுக்குக் கோவம்?"

போவதற்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. டீச்சர் அந்த வரியைத் திருத்தாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் கணவர் இசக்கியப்பன் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து, என்ன கோபம் என்று கேட்டாள். அவர் கையிலிருந்த நட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். நீ போவதில் வருத்தம்தான், கோபம் அதற்கு இல்லை என்றார் கடைசியில். அவள் தேர்வு எழுதிவிட்டு வந்ததே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"உங்களுக்குக் கோவம் வந்தது நியாயந்தான்..." என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வகுப்புக்குப் புது வரியோடு வந்தாள். "மை ஹஸ்பண்ட் இஸ் ஆங்ரி பிகாஸ் ஐ டிட் நாட் ஆஸ்க் ஹிம்." நான் அவரிடம் கேட்கவில்லை, அதனால்தான் அவருக்குக் கோபம்.

டீச்சர் இரண்டு தடவை படித்தார். இதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டார். பாதி சொன்னேன் என்றாள் சண்முகக்கனி. பிறகு பேச்சை மாற்றுகிறவளைப் போல, 'ஆங்ரி'க்குப் பின்னால் கமா உண்டா என்று கேட்டாள்.

"வேண்டாம் அக்கா. காரணம் பின்னால வந்தா நடுவுல நிக்கக் கூடாது. கடைசிவரைக்கும் சொல்லிரணும்."