பதினாலு வருஷம் பூக்காத நாகலிங்கம்

"அம்மா, அந்த மரத்தை வெட்டிடலாம்னு இருக்கேன். உத்தரவு கொடுங்க."

கையில் அரிவாளோடு வந்து நின்றார் தணிகாசலம்.

இவர் சீடர். சீடர் என்றதும் மீசை முளைக்காத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். எழுபத்திரண்டு வயசு. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பை என்று எதைக் கண்டாலும் இன்னமும் கை துறுதுறுக்கும்.

குரு குழலி அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் இவரை "ஐயா" என்பார். இவர் அவரை "அம்மா" என்பார். ஞானத்துக்கு ஏது வயசு, விடுங்கள்.

குழலி அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த மரத்தை?"

"எந்த மரமா? பதினாலு வருஷமா என் உயிரை வாங்குதே, அந்த நாகலிங்கத்தைத்தான்!"

குழலி அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் தணிகாசலம் இந்த ஆசிரமத்துக்குத் தீட்சை கேட்டு வந்தார். தீட்சை என்றால் ஒரே ஒரு சொல். குரு வலது காதில் ஓதுவார். அந்தச் சொல்லுக்காகத்தான் மனுஷர் வீடு வாசலை விட்டு வந்தார்.

அன்று காலையில்தான் எங்கிருந்தோ வந்த யாத்ரீகர் ஒருவர், ஆசிரமத்து லிங்கத்தின் மேல் ஒரு நாகலிங்கப் பூவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு கன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "பெருசா வளரும். சுத்தி நிறைய இடம் விட்டு நடுங்க" என்று சொன்னதோடு சரி. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு மரத்தை யாரும் கண்டதில்லை.

குழலி அம்மா அந்தக் கன்றைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"வளருங்க ஐயா. பூத்த அன்னைக்குத் தீட்சை."

நாலு ஏக்கர் தோட்டம். நட்ட நடுவில் நட்டார். சுற்றி நாற்பது அடிக்கு ஒரு செடி வைக்கவில்லை.

அடேயப்பா, அது வளர்ந்த வளர்த்தி! மூன்றாம் வருஷம் இவரைத் தாண்டிப் போனது. எட்டாம் வருஷம் தென்னையை எட்டிப் பார்த்தது. ஒரு நாள் பார்த்தால் அத்தனை இலையும் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். ஐயோ போச்சே என்று இவர் தலையில் கைவைத்து உட்கார்வார். பத்தே நாளில் உச்சி வரைக்கும் தளிர் விட்டிருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை செத்துப் பிழைக்கிற மரம் அது.

பூ மட்டும்? ஊஹூம்.

"அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்" என்றார் தணிகாசலம். "போன மாசம் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தேன். உங்களுக்கே தெரியும். அந்தச் சொல் காதுல விழாமலே கட்டை சாஞ்சிடுமோன்னு பயமா இருக்கும்மா."

குழலி அம்மா எழுந்து அவர் அருகே வந்தார்.

"மரத்துக்கு என்னென்ன செய்றீங்க?"

"என்ன செய்யலை? வேப்பம் பிண்ணாக்கு வைக்கிறேன். கோடையில ராத்திரி தூங்காம தண்ணி இறைக்கிறேன். ஆறு வருஷமா அடிமரத்துல முண்டும் முடிச்சுமா, குச்சி குச்சியா என்னத்தையோ தள்ளுது. ஒரு வெள்ளிக்கிழமை தவறாம அதையெல்லாம் சுத்தமா சீவி, தேங்காய் நாரால தேய்ச்சுக் கழுவி விடுறேன். கோயில் தூண் கெட்டுது போங்க, அப்படி வெச்சிருக்கேன்."

குழலி அம்மா கையை நீட்டினார்.

"அரிவாளைக் கொடுங்க."

கொடுத்தார்.

"ஒரு வருஷம் தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதுக்கும் மரத்து மேல கை வைக்காதீங்க. அப்பவும் பூக்கலைன்னா நானே வந்து கூட நின்னு வெட்டுறேன்."

"ஒரு வருஷமா? துடைக்கவாவது..."

"கை வைக்காதீங்க ஐயா."

தணிகாசலம் போனார். போகிற வழியெல்லாம் முணுமுணுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் மாசம் அடிமரத்தில் முண்டு முண்டாகப் புடைத்தது. அடுத்த மாசம் முண்டிலிருந்து குச்சி கிளம்பியது. அப்புறம் அந்தக் குச்சியிலிருந்து இன்னொரு குச்சி. இலை கிடையாது, ஒன்றும் கிடையாது. நாலு மாசத்தில் அடிமரம் முழுக்கச் சிக்குப் பிடித்த தலை மாதிரி ஆகிவிட்டது.

பால் ஊற்ற வந்த செல்லாயி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சாமி, உங்களை முந்திக்கிட்டு மரம் சந்நியாசம் வாங்கிடுச்சா? இம்புட்டுச் சடை தொங்குது!"

மானம் போயிற்று. நேரே குருவிடம் ஓடினார்.

"அம்மா, ஒரே ஒரு தடவை சீவிக்கிறேனே."

"வேண்டாம்."

"நுனியை மட்டும்?"

"ஐயா!"

திரும்பி வந்தார். மரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை அவரே நம்பவில்லை.

தினமும் அப்படித்தான் உட்கார்ந்தார். செய்ய வேலை இல்லாததால் பார்த்தார். எறும்பு ஏறுவதைப் பார்த்தார். அணில் இறங்குவதைப் பார்த்தார். இலை உதிர்ந்தது. அவர் தலையில் கைவைக்கவில்லை. தளிர் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும், தளிர் விடுகிற நாளில் அந்த மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் மினுங்கும் என்பதை அப்போதுதான் கண்டார். இது தெரியாமலா போயிற்று என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டார்.

பங்குனி பிறந்து நாலாம் நாள். விடிந்தும் விடியாத நேரம்.

குடத்தோடு போனவரைப் பாதி வழியிலேயே ஒரு வாசனை நிறுத்தியது. மல்லிகை இல்லை, தாழம்பூ இல்லை. இந்த மூக்கு அறியாத வாசனை. தோட்டம் முழுக்க நிறைந்து நின்றது.

பழக்க தோஷம், அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிளையாகத் தேடினார். ஒன்றும் இல்லை.

பிறகுதான் கண்ணைக் கீழே இறக்கினார்.

குடம் கை நழுவி விழுந்து உருண்டது.

அடிமரத்தில், அவருடைய நெஞ்சு உயரத்தில், அந்தச் சிக்கல் குச்சிகளில், பூ. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. அகல அகலமாக, உள்ளங்கை கொள்ளாத பூ. தடித்த சிவந்த இதழ்கள். நடுவில் பொடி லிங்கம். அதன் மேல் கவிந்து நிழல் பிடிக்கிற நாகப் படம். பக்கத்துக் குச்சிகளில் நூற்றுக்கணக்கில் மொட்டு, நாளைக்கும் அதற்கு மறுநாளைக்கும்.

கிட்டே போகப் பயந்தார். ஒரு பூவைப் பறிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"அம்மா! அம்மா!"

வெறுங்கையோடு ஓடினார்.

குழலி அம்மா ஈரத் தலையோடு வந்தார். தூரத்திலேயே செருப்பைக் கழற்றினார். மரத்தின் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு பூவாகப் பார்த்தார்.

"சிவ சிவா" என்றார் கடைசியில். "அடிமரத்திலயா பூக்கும் இது?"

தணிகாசலம் திடுக்கிட்டார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"சத்தியமாத் தெரியாது. நானும் உச்சியைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்புறம் எதுக்குக் கை வைக்க வேண்டாம்னீங்க?"

"வெட்ட வந்து நின்னீங்க. மரத்தைப் பார்த்தாப் பாவமா இருந்துச்சு. உங்களைப் பார்த்தா அதைவிடப் பாவமா இருந்துச்சு. வேற ஒண்ணும் தெரியாது ஐயா எனக்கு."

தணிகாசலம் பூவைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். குச்சி புறப்பட்ட இடத்தைப் பார்த்தார்.

"அப்போ, வெள்ளிக்கு வெள்ளி நான் சீவித் தள்ளினது..."

அப்படியே மாரில் அடித்துக்கொண்டார்.

"பூவையா சீவினேன்? பூ வருமா பூ வருமான்னு ஏங்கிக்கிட்டே பூவையா சீவினேன்? படுபாவி! இந்தக் கையை வெச்சுக்கிட்டுத் தீட்சை கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கும்மா?"

குழலி அம்மா ஆறுதல் சொல்லவில்லை. மரத்தருகே போய், பட்டையில் ஓரிடத்தில் விரல் வைத்தார். அரிவாள் பட்டுப் பட்டுக் காய்ப்பேறிய பெரிய தழும்பு. அதைப் பிளந்துகொண்டு ஒரு குச்சி வந்திருந்தது. அதில் மூன்று பூ.

"இந்த இடத்துல எத்தனை தடவை சீவியிருப்பீங்க?"

"கணக்கே இல்லைம்மா."

"ஒவ்வொரு தடவையும் இங்கேயேதான் திரும்ப வந்திருக்கு, பாருங்க."

தணிகாசலம் பார்த்தார்.

வேரடியில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தார்.

அவர் எழுந்திருக்கட்டும் என்று குழலி அம்மா காத்திருக்கவில்லை. மண்ணில் மண்டியிட்டு, அவருடைய வலது காதருகே குனிந்தார்.