மூக்கையா வரைந்த ஐன்ஸ்டீன்

பள்ளிக்கூடச் சுவரில் 'கேள்வி கேட்காதே, கீழ்ப்படி' என்று எழுதி எழுதி பெயிண்டர் மூக்கையாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. வருஷா வருஷம் வரி அதேதான். சொன்னவர் பெயர்தான் மாறும். இந்த வருஷம் ஐன்ஸ்டீனை வரைந்து, அவர் சொன்னதாகப் போடச் சொன்னார் தாளாளர் சிங்காரவடிவேல்.

"அவரு இப்படிச் சொல்லலீங்களே, ஐயா."

"செத்தவரு எந்திரிச்சு வந்து மறுக்கவா போறாரு? எழுதுய்யா. இல்லேன்னா இந்த ஊர்ல நீ பிரஷ்ஷே பிடிக்க முடியாது."

ஆண்டு விழாவில் கலெக்டர் திரையை விலக்கினார். வரி சொன்னபடியே இருந்தது. அதற்கு மேலே, ஊர் உலகமெல்லாம் பார்த்த அந்தப் புகைப்படத்தில் இருப்பதுபோலவே, ஐன்ஸ்டீன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார். கலெக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்னய்யா இது?" என்று பல்லைக் கடித்தார் தாளாளர்.

மூக்கையா அலுப்போடு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "மறுக்க வந்துட்டாருங்க, ஐயா."