ஓரமாக நின்ற காட்டெருமை

மலையடிவாரக் காட்டில் ஒரே ஒரு குளம் இருந்தது. கோடையில் எல்லா விலங்குகளுக்கும் அதுதான் தண்ணீர். குளத்துக்கு இறங்கும் வழி இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலாகப் போனது. நடுவழியில் பெரிய விலங்குகள் ஓடும். ஓரத்தில் கொஞ்சம் மேடாக ஒரு தடம் உண்டு. அது குட்டிகளுக்கும் வேகமாக நடக்க முடியாதவர்களுக்கும் என்று காட்டில் எல்லாருமாகப் பேசி வைத்திருந்தார்கள்.

அந்த ஓரத்தடத்தின் மேல் ஒரு மருதமரம் நிழல் விரித்திருந்தது. காட்டெருமை வீரணன் தண்ணீர் குடித்துவிட்டுத் தினமும் அங்கேதான் நிற்பார். குளத்துக்குப் பெரியவர் அவர். வழக்கு என்றால் தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான். நடுவழியில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு!

"யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ஓரமா நிக்கிறேன், பாத்தியா?" என்பார் எதிர்ப்பட்டவரிடமெல்லாம். அவ்வளவு பெரிய உடம்பு நின்றால் அப்புறம் ஓரம் ஏது? அதை அவரிடம் யார் சொல்வது?

வெண்ணி என்ற முயல்தான் சொன்னாள். கண்ணியில் மாட்டி ஒரு பின்னங்காலை இழந்தவள் அவள். தத்தித் தத்தித்தான் குளத்துக்கு வருவாள்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் போயிக்கிறேன்."

"இதோ, ஒரு நிமிஷம்மா," என்பார் வீரணன், கண்ணைத் திறக்காமலே. அசைபோட்டு முடிக்க வேண்டாமா? அந்த ஒரு நிமிஷம் வெயில் தாழும்வரை நீளும். வெண்ணி காத்துக் கிடப்பாள்.

ஒருநாள் மத்தியானம் அவளுக்குத் தாகம் பொறுக்கவில்லை. மேட்டிலிருந்து நடுவழியில் இறங்கினாள். அதே நேரம் இளவட்ட மிளாமான் ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான். வேறு முயலாக இருந்தால் ஒரே தாவில் மேட்டில் ஏறியிருக்கும். வெண்ணியால் முடியவில்லை. மிளாவின் குளம்பு அவள் இடுப்பில் விழுந்தது.

வீரணன் உடனே விலங்குகளைக் கூட்டினார். கோபத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது. அந்தக் கோபம் உண்மையானதுதான்.

"இறக்கத்துல இப்படியா ஓடுறது? மழை வர்ற வரைக்கும் நீ இந்தக் குளத்துப் பக்கம் வரக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆத்துக்குப் போ," என்றார் மிளாவிடம்.

மிளா தலைகுனிந்து நின்றான். "வேகமா வந்தது என் தப்புதான். குறுக்க யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

வீரணன் முயலிடம் குனிந்தார். "நீ ஏம்மா நடுவழியில இறங்கின? உங்களுக்குன்னுதானே ஓரத்தடம் இருக்கு?"

வெண்ணி வலியில் மெல்லப் பேசினாள். "ஓரத்துல நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க, பெரியவரே."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். ஒரு நிமிஷம்னு சொன்னீங்க."

வீரணன் மருதமரத்தடியைப் பார்த்தார். அவர் நின்று நின்று புல் தேய்ந்து மண் தெரிந்தது. ஓடியது மிளாதானே, நான் சும்மாதானே நின்றேன் என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் மிளாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"மிளாவுக்குச் சொன்ன தீர்ப்பு எனக்கும்தான்," என்றார். "நாங்க ரெண்டு பேரும் ஆத்துக்குப் போறோம். இனிமே அந்த மேட்டுல யாரும் நிக்கக் கூடாது. இறக்கத்துல எல்லாரும் நடந்துதான் வரணும்."

அன்றே ஓரத்தடம் காலியானது. குட்டிகளும் வயதானவர்களும் அதில் பயமில்லாமல் போய்வந்தார்கள். மழை பெய்ததும் வீரணன் திரும்பி வந்தார். வந்ததும் முதலில் வெண்ணியைத்தான் தேடினார். இடுப்பில் பட்ட அடி ஆறாமல் அவள் மழைக்கு முன்பே இறந்துவிட்டாள் என்று அணில் சொன்னது. வீரணன் தண்ணீரில் வாய் வைக்காமல் வெகுநேரம் நின்றார், யார் வழியிலும் இல்லாமல்.

முடியாதவர்களுக்கென்று விட்ட வழியை ஒரு நிமிடம் அடைத்து நிற்பவரும், அவர்களை ஆபத்தில் இறக்கிவிட்டவரே ஆவார்.