தானாகத் திறக்கும் காலண்டர்

நகராட்சியின் இறப்புப் பதிவுப் பக்கம் திங்கட்கிழமை வெளிவர இருந்தது. அதில் தேதி கேட்கும் இடத்தை வேந்தன் செய்திருந்தான். வேலை கற்றுக்கொடுத்த செசிலியிடம் காட்டப் போனான்.

செசிலிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கணினி வாய்விட்டு வாசிக்கும்; மவுஸைத் தொடாமல் விசைகளாலேயே வேலை செய்வார். மகனை அடக்கம் செய்துவிட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"கர்சர் தேதிக் கட்டத்துக்கு வந்ததுமே காலண்டர் தானா திறந்துக்கும்க்கா. யாரும் தேட வேண்டாம்."

"மூடினதும் கர்சர் எங்கே போகும்?"

"கட்டத்துக்கே திரும்பிடும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?"

செசிலி விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

"பேருக்கு சும்மா ஏதாவது போடுங்கக்கா."

"சும்மா எதுக்கு? எங்க வீட்டிலேயே ஒரு சாவு இருக்கே."

ஜெரால்டு என்று அடித்தார். தேதிக் கட்டத்துக்கு நகர்ந்தார். காலண்டர் திறந்தது. அம்பு விசையால் பின்னோக்கிப் போய், ஒரு நாளில் நின்று, என்டரைத் தட்டினார்.

"ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்," என்றது குரல்.

காலண்டர் மூடியது. கர்சர் கட்டத்துக்குத் திரும்பியது. அது வந்துவிட்டது என்று காலண்டர் மறுபடி திறந்தது.

"ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்."

எஸ்கேப்பை அழுத்தினார். மூடியது. திறந்தது.

"ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்."

"பந்தியில எழுந்திருக்கிறவனைக் கையைப் பிடிச்சு உட்கார வைக்கிற சித்தப்பா மாதிரி இருக்குடா உன் காலண்டர்."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். குரல் சொன்னது. அழுத்தினார். குரல் சொன்னது.

வேந்தன் ஒலியை நிறுத்த எழுந்தான். நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உட்காரு. திங்கட்கிழமைக்கு அப்புறம் எத்தனை வீட்டுக்குப் போய் நிறுத்துவே?"

வேந்தன் உட்கார்ந்தான்.

"கர்சரை அடுத்த கட்டத்துக்கு அனுப்பிடட்டுமாக்கா? தேதிகிட்டயே வராத மாதிரி?"

"வேண்டாம். தேதிகிட்டயே விடு. நான் அங்கேதானே இருக்கேன்."

"அங்கே விட்டா மறுபடி திறக்குமே."

செசிலி மறுபடி ஒரு முறை அழுத்தி, குரல் தேதியைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பக்கத்துல வந்து நின்னாலே திறந்துடாதே, வேந்தா. வேணும்கிறப்போ நானே தட்டுறேன்."