கன்றின் நெற்றியில் சேறு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. இது கத்திச் சொல்லுகிற கதை இல்லை. கத்தினவர்களைப் பற்றிய கதை.

சின்னக்குட்டையில் மூக்காயி என்ற எருமை கழுத்தளவு சேற்றில் கிடந்தது. பக்கத்தில் அதன் கன்று. பிறந்து இரண்டு மாதம்.

அந்தக் காட்டுக்கு நடுவே ஓர் ஆறு. இக்கரையில் ஒரு கூட்டம், அக்கரையில் ஒரு கூட்டம். கோடை வந்தால் ஆறும் வற்றும், குட்டையும் வற்றும். மூன்று நாள் நடந்து மலை ஊற்றுக்குப் போனால்தான் உயிர். முன்னால் நடக்க ஒரு தலைவர் வேண்டும். இக்கரை ஒருவரை நிறுத்தும், அக்கரை ஒருவரை நிறுத்தும். இருவரில் ஒருவரைக் காடு தேர்ந்தெடுக்கும்.

இக்கரையில் பன்னிரண்டு குட்டை. யாரை நிறுத்தலாம் என்று ஒவ்வொரு குட்டையாகக் கேட்பார்கள். சின்னக்குட்டைதான் முதலில் வற்றும். அதனால் முதல் பேச்சு அதற்கு. பிடித்தவருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், வாலை எண்ணுவார்கள். அதுதான் வழக்கம்.

அந்தப் பெருமையில் மூக்காயிக்குத் தூக்கம் போனது. விடிந்தால், தலைவராக நிற்க ஆசைப்பட்ட கடமான் வந்துவிடும்.

“தாயி, என் கொம்பைப் பார்த்தீங்களா? ஆறு கிளை!”

வெயில் ஏறினால் காட்டுப்பன்றி.

“அவனுக்குக் கொம்பைத் தவிர என்ன இருக்கு? அக்கரைக்காரனை நான் முட்டித் தள்ளுவேன் பாருங்க!”

போகும்போது சும்மா போவதில்லை. “என் செல்லமே!” என்று கன்றின் நெற்றியை ஒரு நக்கு. நக்கி நக்கி நெற்றியில் முடியே உதிர்ந்துவிட்டது.

போன தடவையும் இப்படித்தான் நக்கினார்கள். அப்போது முன்னால் நடந்தது ஒரு மயில். பார்க்க அழகு. வழி தெரியாது. பாறைக்காட்டில் இரண்டு நாள் சுற்றவிட்டது. மூக்காயியின் மூத்த கன்று அங்கேதான் தாகத்தில் விழுந்தது. எழுந்திருக்கவே இல்லை.

ஒரு நாள், தானும் தலைவராக நிற்பதாகச் சொல்லி வரையாடு வந்தது. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். அது கன்றை நக்கவில்லை. கால்களைப் பார்த்தது.

“பின்னங்கால் இன்னும் உறுதிப்படலை. முதல் நாள் நாவல் ஓடையோட நிறுத்திக்கணும். அதுக்கு மேலே நிழல் கிடையாது.”

“அங்கே தண்ணி இருக்குமா?”

“மேலே இருக்காது. மணலை முழங்கால் ஆழம் தோண்டினா ஊறும்.”

அன்றைக்குத்தான் மூக்காயி கண்ணயர்ந்தது.

நிற்கிற நாளுக்கு முந்தின நாள், தண்ணீர் குடிக்க வந்த புள்ளிமானிடம் மூக்காயி கேட்டது.

“மதினி, உன் குட்டியை யாரை நம்பி அனுப்புவே?”

“வரையாட்டைத்தான். அது பிறந்ததே அந்த ஊற்றுக்கு மேலேதானே!”

“அப்போ நாளைக்கு அது பின்னாலதான் நிற்பே?”

“ஐயே! கடமான் பின்னால.”

“ஏனாம்?”

“வரையாட்டுக்கு வேற யார் நிற்பாங்க? குரலே வெளியே வரலை. அக்கரைக்காரங்க சிரிப்பாங்க மதினி!”

முள்ளம்பன்றியைக் கேட்டது. “எனக்கும் வரையாடுதான் பிடிக்கும். ஆனா எல்லாரும் கடமான் பக்கம் போறாங்களாமே! நான் மட்டும் தனியா நிற்கவா?” என்றது அது.

மூக்காயி பெருமூச்சு விட்டது. ‘கடமானை ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் அதன் பின்னால்தான் நிற்கப் போகிறார்கள்!’

மறுநாள் மூன்று பேரும் கரையில் வந்து நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி எல்லாக் கால்களும் கடமான் பக்கம் திரும்பின. மூக்காயி அலுப்போடு சேற்றிலிருந்து எழுந்தது.

“கொஞ்சம் நில்லுங்க! நடக்கப் போறது நம்ம குட்டிகளும்தானே? முதல்ல குட்டியை, யாரை நம்பி அனுப்புவீங்களோ அவங்க பின்னால விடுங்க. அப்புறம் நீங்க எங்கே வேணும்னாலும் போய் நில்லுங்க.”

கடமான் சிரித்தது. “குட்டி வாலை யார் எண்ணப் போறா தாயி?”

“எண்ண வேண்டாம் தம்பி. சும்மா நிற்கட்டும்.”

மூக்காயி தன் கன்றை வரையாட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. புள்ளிமான் கடமானைப் பார்த்தது, தன் குட்டியைப் பார்த்தது. பிறகு அதுவும் தள்ளிவிட்டது. முள்ளம்பன்றிக் குட்டிகள் போயின, முயல் குட்டிகள் போயின. கொஞ்ச நேரத்தில் வரையாட்டுக்குப் பின்னால் ஒரே குட்டிக் கூட்டம். கடமானுக்குப் பின்னால் வெறும் மண்.

“அட, நீயுமா!” என்றது முள்ளம்பன்றி.

“நீயும்தானா!” என்றது புள்ளிமான்.

அதற்குமேல் குட்டியை ஒரு பக்கம் விட்டுவிட்டுத் தாய் எப்படி இன்னொரு பக்கம் நிற்கும்? குட்டி இல்லாதவர்களில் பன்றிக்கு மூன்று வால். கடமானுக்கு ஐந்து. மீதி எல்லாம் வரையாட்டுக்கு.

“இன்னும் பதினோரு குட்டை இருக்கே மதினி!” என்றது புள்ளிமான்.

“இருக்கட்டும். நம்ம குட்டை முடிஞ்சுது. நான் படுக்கணும்.”

அதற்குள் கடமான் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தது. “அடுத்த தடவை மறந்துடாதீங்க தாயி! எங்கே என் செல்லம்?” என்று நாக்கை நீட்டியது.

மூக்காயி மூக்கால் சேற்றை அள்ளி, கன்றின் நெற்றியில் தடிமனாக அப்பிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

மற்றவர்கள் யார் பின்னால் நிற்பார்கள் என்று பார்க்காமல், நம் பிள்ளையை யாரை நம்பி அனுப்புவோமோ அவர் பின்னால்தான் நாமும் நிற்க வேண்டும்.