ஆமைக்குப் பிடித்த படம்

காட்டோரம் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகை. கொட்டகையின் பின்சுவர் மழையில் இடிந்து விழுந்ததால், திரையில் ஓடுவது குளக்கரை மேட்டிலிருந்தே தெரியும். இடமும் வலமும் மாறித்தான் தெரியும். அதனால் என்ன, மிருகங்களுக்கு அதுவே போதும்.

நரியும் ஆமையும் தினமும் மாலைக் காட்சிக்குச் சேர்ந்தே போவார்கள். படம் எடுப்பவர்களுக்கே பாடம் எடுக்கலாம் என்று நரிக்கு நினைப்பு. ஆமை பேசாமல் பார்க்கும்.

ஆண்டுக் கடைசியில் எல்லா மிருகங்களும் குளக்கரையில் கூடும். அவரவருக்குப் பிடித்த படத்தைச் சொன்னால், நரி அதை ஈர மண்ணில் நகத்தால் எழுதும். அதற்கு ஒரு விதியும் வைத்திருந்தது. ஏன் பிடித்தது என்று சபையில் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத படம் பட்டியலில் ஏறாது.

இந்த ஆண்டு, வசனமே இல்லாத ஒரு படத்தை நரி முதலிடத்தில் எழுதியது. பாதிப் பேருக்கு அந்தப் படம் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்கள்.

"உன் படம் எது, தம்பி?" என்று நரி கேட்டது.

"ஏழு குடை ஏகாம்பரம்" என்றது ஆமை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூன்றே நாளில் கொட்டகையை விட்டு ஓடிய படம் அது.

"அந்தக் குப்பையா! ஏன் பிடித்தது? காரணம் சொல்!"

ஆமை நரியைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது. "பிடித்தது அண்ணே, அவ்வளவுதான்."

"தலையை ஓட்டுக்குள் வைத்துக்கொண்டே பார்த்தாயோ? ரசனை கெட்டவர்களோடு உட்கார்ந்து நான் ஏன் படம் பார்க்க வேண்டும்?"

பாதி எழுதியிருந்த ஆமையின் படப் பெயரை நரி வாலால் அழித்தது. ஆமை தண்ணீருக்குள் இறங்கியது.

அதன் பிறகு மூன்று நாள் ஆமை மேட்டுக்கு வரவில்லை. நாலாம் நாள் காலை, மரத்திலிருந்த மைனா வாய் திறந்தது.

"நரியண்ணே, ஏகாம்பரம் படம் எந்த வாரம் ஓடியது, ஞாபகம் இருக்கிறதா?"

"குப்பையை யார் ஞாபகம் வைப்பார்கள்?"

"உங்கள் குட்டியை வெள்ளம் கொண்டுபோன அதே வாரம். நீங்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அன்றைக்கு ஏகாம்பரம் குடையோடு சேற்றில் விழுந்தான் பாருங்கள், அப்போது நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஆமை முதுகில் தலை வைத்துத் தூங்கிவிட்டீர்கள். விடியும் வரை அது ஓர் அடி நகரவில்லை."

நரி எழுந்து நின்றது. "இதை அன்றைக்கே அவன் சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேன். குட்டியின் பேச்சைச் சபையில் எடுத்தால் அண்ணன் தாங்கமாட்டார் என்றது."

நரி குளத்துக்கு ஓடியது. ஆமை அங்கே இல்லை. முந்தின நாள் குளத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். அதோடு அது போய்விட்டதாகத் தவளைகள் சொல்லின. நரி வாய்க்கால் கரையோடு ஓடியது. ஊர் நாய்கள் விரட்டும் வரை கூப்பிட்டுக்கொண்டே ஓடியது. பதில் வரவில்லை.

மறு ஆண்டும் சபை கூடியது. நரி மேட்டில் ஓர் ஆமை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. மண்ணில் முதல் பெயராக 'ஏழு குடை ஏகாம்பரம்' என்று எழுதியது.

"அது போன வருஷப் படமாயிற்றே! காரணம் சொல்லுங்கள்" என்றது முயல்.

நரி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. தான் வைத்த விதி எவ்வளவு கொடியது என்று அப்போதுதான் அதற்கு விளங்கியது. வாய்க்கால் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, சபையைக் கலைத்தது.

ஒருவருக்குப் பிடித்ததைச் சபையில் வைத்து எள்ளி நகையாடாதீர்கள். அதற்கு அவர் சொல்லாத காரணம் நீங்களாகவே இருக்கலாம்.