மறுமுறை கேளாமை

ஞானம் ஆலமரத்தடியில்தான் கிடைக்கும் என்றொரு பிழையான கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. குருவுக்குத் தாடி இருக்கும், சீடனுக்கு மீசைகூட அரும்பியிருக்காது, பக்கத்தில் ஓர் ஆறு ஓடும் என்றெல்லாம் படித்தவர்களே நம்புகிறார்கள்.

இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மத்தியானம்வரை காத்திருந்த அந்தக் காலத்தில், ஏற்காட்டில் ஞானம் ஒரு ஸ்வெட்டர் கடையின் மாடியில் இருந்தது. முன்னறையில் தட்டச்சுப் பள்ளி, பின்னறையில் ஆங்கில வகுப்பு. குருவுக்கு முப்பத்தைந்து வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, நவமணி டீச்சர் என்று பெயர். சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. நரைத்த மீசை. பெயர் பொன்னுரங்கம்.

ஆறு இல்லை. மூடுபனி இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

"டீச்சர், நான் வாயைத் திறந்தா வெள்ளைக்காரங்க ஓடிப்போயிடறாங்க" என்றார் பொன்னுரங்கம்.

"என்ன பேசினீங்க?"

"நல்லதுதான் பேசினேன்."

"அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க."

பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஏரிக்கரை பங்களாவின் வாசலில் நின்று, வருகிற விருந்தாளிகளை முப்பது வருஷமாக வரவேற்பவர் அவர்.

"யூ மஸ்ட் கம். யூ மஸ்ட் சிட். யூ மஸ்ட் டேக் பாத். யூ மஸ்ட் ஈட். ஒன் மோர், யூ மஸ்ட்."

"அப்புறம்?"

"யூ மஸ்ட் ஸ்லீப்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று குடும்பங்கள் வந்த மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டன. கடைசியாக வந்த தம்பதி, கேட்டைத் திறந்துகொள்ளலாமா என்று பொன்னுரங்கத்திடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வெளியேறினார்கள். முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னும் ஒருத்தர் பாதியில் போனால், பொன்னுரங்கத்துக்கு இனி காபிக் கொட்டைக் கிடங்கில்தான் வேலை.

"கிடங்குல ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்டார் டீச்சர்.

"கஷ்டம் ஒண்ணும் இல்ல டீச்சர். உக்காந்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அங்க யாரும் வரமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலை. வந்தவங்களைச் சாப்பிட வைக்கிறது."

டீச்சர் எழுந்தார்.

"வெளிய போயிட்டு, விருந்தாளி மாதிரி உள்ள வாங்க."

பொன்னுரங்கம் போய்விட்டு வந்தார்.

"யூ மஸ்ட் சிட்!" என்று டீச்சர் அதட்டினார். முன்னறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. ஸ்டூலை அவர் காலடிக்கு இழுத்துப்போட்டு, தண்ணீர் டம்ளரைக் கையில் திணித்தார். "யூ மஸ்ட் டிரிங்க்! நவ்!"

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"இப்ப புரியுதா?"

"புரியுது டீச்சர். எங்க அக்கா வீட்டுக்குப் போன மாதிரியே இருந்துது."

குருமார்களின் செய்கை முதல் தடவையே பலித்துவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

டீச்சர் கரும்பலகைக்குப் போனார். கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்று வரிசையாக எழுதினார். கடைசியை அழித்தார்.

"ஷுட் வச்சுக்கலாமா டீச்சர்? மஸ்ட்டுக்குத் தம்பி மாதிரிதானே?"

"தம்பியும் அதட்டுவான்."

அதுவும் போயிற்று.

"மே?"

"'மே ஐ'னு நீங்க கேக்கலாம். 'யூ மே ஈட்'னு அவங்ககிட்ட சொன்னா, ஏதோ நீங்க போனாப் போகுதுன்னு சோறு போடற மாதிரி ஆயிடும்."

அதையும் அழித்தார். 'வுட்' என்பதன் பக்கத்தில் 'யூ லைக்' என்று சேர்த்து, அடியில் கோடு போட்டார்.

"இதைக் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க."

"அவங்க நோ சொன்னா?"

"நோதான்."

"மறுபடி கேக்கணுமே?"

"கேக்கக் கூடாது."

"ஒரே ஒரு தடவை?"

"ஒரு தடவைகூட."

"அப்புறம் எப்படி டீச்சர் சாப்பிடுவாங்க?"

"பசிச்சா சாப்பிடுவாங்க."

இப்படியொரு கொடுமையைப் பொன்னுரங்கம் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

*

பறவை பார்ப்பதற்கென்றே கடல் கடந்து ஒரு கிழவர் வந்தார். பெல்லாமி துரை. கழுத்தில் எந்நேரமும் தொலைநோக்கி தொங்கும்.

"வுட் யூ லைக் சூப், சார்?"

"நோ, தேங்க் யூ."

பொன்னுரங்கம் கிண்ணத்தோடு சமையலறைக்குத் திரும்பினார். மிளகு ரசத்தில் தேங்காய்ப்பால் விட்டு, நாலு பருக்கை சோறு மிதக்கவிட்டு, எலுமிச்சைத் துண்டோடு கொடுக்கிற சூப் அது. அந்தக் காலத்துப் பங்களாக்களில் அதன் வாசனைக்காகவே மலையேறியவர்கள் உண்டு. அதைத் தொடாமல் ஒரு மனிதர் வெறும் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?" என்றான் சமையல்கார அந்தோணி.

"வேணாம்னுட்டாரு."

"வேணாம்னா? விட்டுட்டு வந்துடறதா?"

பொன்னுரங்கம் குழந்தையைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தவர் மாதிரி நின்றார்.

ஒரு வாரத்துக்கு என்று வந்த துரை, மழைக்காலம் முழுவதும் தங்கப்போவதாக அறிவித்தார். முதலாளி பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கிடங்குப் பேச்சே எழவில்லை.

ஆனால் இலக்கணம் மலையூர் ஈரத்தைப் போன்றது. ஒரு சுவரோடு நிற்காது.

சேலத்திலிருந்து மச்சான் வந்தார். பொன்னுரங்கத்தின் மனைவிக்கு மூத்த அண்ணன். அவள் மீன் வாங்கப் போயிருந்தாள்.

"சாப்பிடறீங்களா மச்சான்?"

"இல்ல மாப்ள, இப்பதான் பஸ் ஸ்டாண்டுல..."

"சரி மச்சான்."

மச்சான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். மறுபடி காலண்டரைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"எங்கண்ணன் எங்க?" என்றாள் மனைவி, மீன் கூடையோடு.

"போயிட்டாரு."

"சாப்பிட்டாரா?"

"வேணாம்னாரு."

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் சோறு போடற மனுஷன்னு பேரு" என்றாள். அதைவிட நாலு வசவு வைதிருந்தால் தேவலை.

*

"டீச்சர், மச்சான் பட்டினியா மலை இறங்கிட்டாரு."

"வேண்டாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்புறமென்ன?"

"வேணாம்னா, இன்னொரு தடவை கேளுன்னு அர்த்தம் டீச்சர்."

"எந்த இலக்கணத்துல?"

முன்னறையில் யாரோ ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடியில் இப்போது கைபேசி பழுதுபார்க்கிறார்கள். அன்று அங்கே ரிப்பன் மையும் ஈரக் கம்பளியும் கலந்து மணத்தது. அந்த மணத்துக்குள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் சீடர்.

"வேலை நிலைச்சிருக்கா இல்லையா?" என்றார் டீச்சர்.

"நிலைச்சிருக்கு. ஆனா, எதுக்காக அது நிலைக்கணும்னு நெனச்சேனோ, அது போயிடுச்சு."

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன், நீங்க எப்படிப் பேசறீங்கன்னு."

அது மாதத்தின் முதல் ஞாயிறு. சர்ச்சில் திருவிருந்து வாங்கும் நாள். அன்று டீச்சர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் சர்ச்சுக்குப் போவார் என்பது ஊரறிந்த விஷயம். ஆராதனை முடிந்து, பங்களா மேட்டை நடந்தே ஏறி, சாப்பாட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தார். அடுத்த மேஜையில் பெல்லாமி துரை, தன் தட்டோடு தனியாக இருந்தார்.

உள்ளே அந்தோணி கோழிக்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தான்.

பொன்னுரங்கம் வெள்ளைத் துணியை முன்கையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வுட் யூ லைக் சம் லஞ்ச், டீச்சர்?"

உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. டீச்சரின் முகம் மலர்ந்தது.

"நோ, தேங்க் யூ" என்றார், தெற்கே தன் சொந்த ஊரான நாசரேத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணும் முதல் தடவை சொல்வதைப் போல.

பொன்னுரங்கம் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டார்.

சுவர்க்கடிகாரம் ஓடியது.

"குழம்பு அந்தோணி வச்சதா?"

"ஆமா டீச்சர்."

"வாசனை நல்லா இருக்கு."

"ஆமா டீச்சர்."

டீச்சர் மேஜைமேல் இருந்த காலித் தட்டைக் கொஞ்சம் நேராக்கி வைத்தார். பொன்னுரங்கம் அதைப் பார்த்தார். துணிக்கு அடியில் விரல்களை இறுக்கிக்கொண்டார்.

"மழை வரும்போல இருக்கே."

"வரலாம் டீச்சர்."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பினார்.

"பொன்னுரங்கம் சார்."

"சொல்லுங்க டீச்சர்."

"உங்க மச்சான் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தார்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

டீச்சர் தரையைப் பார்த்தார்.

"பாவம்" என்றார்.

அதற்குமேல் பொன்னுரங்கத்தால் தாங்க முடியவில்லை.

"டீச்சர்! யூ மஸ்ட் ஈட்! கம்! சிட்! யூ மஸ்ட்!"

"ஐயோ, வேண்டாம் சார்..."

"யூ மஸ்ட்!"

"சரி, கொஞ்சமா வைங்க."

கொஞ்சமாக வைக்கவில்லை. இரண்டாவது தடவை சோறு வந்தபோது டீச்சர் போதும் என்றார். மூன்றாவது தடவை தட்டுக்கு மேலே கையை விரித்து மறித்தார். பொன்னுரங்கம் விரலிடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றினார். டீச்சர் சிரித்துக்கொண்டே விரலை நக்கினார்.

பெல்லாமி துரை தொலைநோக்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சாப்பிடுவதையும் மறந்து, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் பொன்னுரங்கம் கிண்ணத்தோடு அவர் மேஜைக்குப் போனார்.

"வுட் யூ லைக் சூப், சார்?"

"நோ, தேங்க் யூ" என்றார் துரை. சொல்லிவிட்டு, துணியை மடியில் விரித்துக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பொன்னுரங்கத்தின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.